கடைசி ரீல் ஆனந்தகுமார்

எங்கள் ராசிபுரத்தில் ஒருவன் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எழுந்து கொடுத்தாலும் சரி, பந்தியில் கடைசி லட்டை அடுத்த இலைக்குத் தள்ளிவிட்டாலும் சரி, பக்கத்தில் இருப்பவன் "ஏனப்பா, கடைசி ரீலா?" என்று கேட்பான். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. விளங்க வேண்டுமானால் எங்கள் ஊர் நடிகர் ஆனந்தகுமாரைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனந்தகுமார் என்பது சினிமாவுக்கு வைத்த பெயர். வீட்டில் வைத்தது அங்கமுத்து. நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காட்டுக்காரர் மகன். அறுபதுகளில் சேலத்து ஸ்டுடியோவுக்கு யாரோ சிநேகிதனைப் பார்க்கப் போனவரை மேனேஜர் ஒருவர் நிறுத்தி, "தம்பி, அழத் தெரியுமா?" என்றாராம். "அழத் தெரியாதுங்க, அழுகையை அடக்கத் தெரியும்" என்றாராம் இவர். அந்த ஒரு பதிலில் பன்னிரண்டு வருஷம் சினிமாச் சாப்பாடு.

எல்லாம் இரண்டாவது கதாநாயகன் வேஷம். அந்தக் காலத்துப் படங்களில் ஒரு பெண்ணை இரண்டு பேர் விரும்புவார்கள். ஒருவர் போஸ்டரில் பெரிதாக இருப்பவர். இன்னொருவர் நல்லவர். நல்லவருக்கு என்ன கிடைக்கும் என்பது டிக்கெட் வாங்கும்போதே ஜனங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனந்தகுமார் நடித்தது பத்தொன்பது படம். அதில் பதினேழில் கடைசி ரீலில் பெண்ணை விட்டுக்கொடுத்தார். ரயிலடியில் ஒரு தடவை, மலைக்கோயில் படியில் ஒரு தடவை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ரத்தத்தையும் கொடுத்துப் பெண்ணையும் கொடுத்து ஒரு தடவை. மீதி இரண்டு படத்தில் விட்டுக்கொடுக்கவில்லை, அதற்குள் செத்துப்போய்விட்டார்.

விட்டுக்கொடுப்பதற்கென்று ஒரு முகம் வைத்திருந்தார். இடது கன்னம் காமிராவைப் பார்க்கத் திரும்பும். கண் எங்கேயோ தூரத்து மலையைப் பார்க்கும். உதட்டில் பாதி சிரிக்கும், பாதி துடிக்கும். அப்புறம் "நல்லா இருங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். தியேட்டரில் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள், ஆண்கள் பீடி பற்ற வைப்பார்கள்.

படம் நின்று ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. முகம் நிற்கவில்லை. ரிட்டையரான டிரைவர் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வளைவு வந்தால் கால் தானாகப் பிரேக்கைத் தேடும் பாருங்கள், அந்த மாதிரி. யாராவது எதிரில் நின்று "உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்று சொன்னால் போதும், ஆனந்தகுமாரின் கழுத்து திரும்பிவிடும். இப்படித்தான் கிணற்றுப் பக்கத்துப் பூமி தம்பிக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரன் மதில் சுவரை இரண்டு அடி தள்ளிக் கட்டிக்கொண்டான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "உங்க மகளுக்கு இதைவிட நல்ல இடம் வரும், நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். அப்படியே கல்யாணமும் இல்லாமல் போயிற்று.

அவர் மகாத்மா என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாங்கிப் போனவனைத் திட்டுவார். அதில் ஒரு வரிகூட சென்சாரில் தேறாது.

நான் செங்கோடன். பழைய லாரிகளுக்குத் தரகு. என் அப்பா மஞ்சளுக்கு, தாத்தா புதன்சந்தையில் மாட்டுக்கு. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எவன் முகத்திலும் எதுவும் தெரியாது. என் கல்யாணப் போட்டோவைப் பார்ப்பவர்கள் நான் மாப்பிள்ளையா, சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவனா என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு, ஊருக்கெல்லாம் தெரிகிற முகத்தை வைத்துக்கொண்டிருந்தவருக்காகப் பேசப் போக வேண்டி வந்தது போன ஐப்பசியில்தான்.

கூப்பிட்டு அனுப்பியது அங்கம்மாள் அத்தை. வயது எழுபத்தேழு, விதவை, ஆனந்தகுமார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நான் போனபோது முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"வா சாமி. பழைய லாரியெல்லாம் பேசி முடிக்கறயே, பழைய ஆளு ஒண்ணைப் பேசி முடிப்பியா?"

"எந்த வருஷத்து மாடலுங்கத்தை?"

"நாப்பத்திரெண்டு. ஒரு பக்கம் கீறல் இருக்குது. இதுவரைக்கும் யாரு கைக்கும் போனதில்ல."

எனக்குப் புரிந்தது. ஊருக்கே அரைகுறையாகத் தெரிந்ததுதான். தினமும் சாயங்காலம் அத்தை ஒரு தூக்குப்போசியில் குழம்பு எடுத்துக்கொண்டு ஆனந்தகுமார் வீட்டுக்குப் போவார். இரண்டு பேரும் டிவியில் யூடியூபைப் போட்டு அவர் படத்தையே பார்ப்பார்கள். கடைசி ரீல் வந்ததும் அத்தை சிரிக்கிற சிரிப்பு தெருமுனை வரை கேட்கும்.

"அத்தை, எல்லாத்தையும் சொன்னாத்தான் தரகன் பேச முடியும்" என்றேன்.

சொன்னார். அந்தக் காலத்தில் அத்தை சேலத்து ஸ்டுடியோவில் கதாநாயகிகளுக்குச் சவுரி வைத்துக் கொண்டை போடும் பெண்ணுக்கு உதவியாள். பதினெட்டு வயது. ஆனந்தகுமாரின் வலது கன்னத்தில் சின்ன வயதில் மாட்டுக் கொம்பு கிழித்த தழும்பு இருந்தது. காமிராக்காரர் அந்தப் பக்கமே போக மாட்டார். இடது கன்னமே பிரசித்தமானது அதனால்தான். ஷாட்டுக்கு நடுவில் வலது கன்னத்துப் பவுடரைப் பார்க்கிற ஒரே ஆள் இவர்.

"அப்பறம் எங்கப்பன் லாரிக்கார மாப்பிள்ளையாப் பாத்துட்டாரு. சேலம் பஸ் ஸ்டாண்டுல நானு, எங்காத்தா, எல்லாரும் பஸ்ஸுல உக்காந்துட்டோம். இவரு வந்தாரு. ஒரு வார்த்தை, போகாதேன்னு சொல்லியிருந்தா நான் எறங்கியிருப்பேன். மூஞ்சியத் திருப்பிட்டு, நல்லா இருன்னாரு. பஸ்ஸாவது சட்டுனு கெளம்புச்சா? கண்டக்டரு வெளிய யாரையோ திட்டிக்கிட்டே அஞ்சு நிமிசம் நிறுத்திட்டான். அந்த அஞ்சு நிமிசமும் அந்த இடது கன்னத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மொச்சையை ஒரு தடவை புடைத்தார்.

"எங்க ஊட்டுக்காரரைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல சாமி. நாப்பத்தெட்டு வருசம் நல்லாத்தான் வெச்சிருந்தாரு. அவரு போயி ஒம்பது வருசமாச்சு. இப்ப ஒரே ஊட்ல, ஒரே அடுப்புல இருந்துக்கலாம்னு நாங்க ரெண்டு பேரும் பேசிட்டோம். திருச்செங்கோட்டு மலையில போயி மாலை மாத்திக்கறது. எம் பையன் நந்தகுமாருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கெழமை வாரானாம், என்னையக் கோழிப் பண்ணைக்கே கூட்டிட்டுப் போயிடறதுக்கு."

"நீங்க மாட்டேன்னா முடிஞ்சுதுங்களே?"

"அவன் என்கிட்டயா கேப்பான்? அவருகிட்டக் கேப்பான். விட்டுக்குடுங்கன்னு. அதானே ஊருக்கே தெரிஞ்ச வழி? இந்தத் தடவையும் அவரு அந்த மூஞ்சியக் காட்டுனாருன்னா, நான் பொட்டியத் தூக்கிட்டுக் காருல ஏறிருவேன். ரெண்டு தடவை வழியனுப்பி வெக்கறதுக்கு நான் என்ன பார்சலா?"

விளையாட்டாகச் சொல்லவில்லை. பெட்டி கட்டில் மேல் தயாராக இருந்தது. உள்ளே பாதித் துணி அடுக்கியும் இருந்தது.

அங்கிருந்து நேராக ஆனந்தகுமார் வீட்டுக்குப் போனேன். எண்பத்திரெண்டு வயதிலும் சட்டைக் காலர் மடியாமல் நின்றது. விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை உட மாட்டனுங்க செங்கோடா. சத்தியமா."

"சரிங்க. ஒத்திகை பாத்துருவோம். நான்தான் நந்தகுமார்னு வெச்சுக்கங்க." நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "ஐயா, எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தனுங்க. உங்களுக்குப் பெரிய மனசுன்னு..."

திரும்பிவிட்டது. இடது கன்னம், தூரத்து மலை, பாதிச் சிரிப்பு. "நல்லா இருங்க."

"ஐயா!"

"அடச்சே" என்றார்.

கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். அதோடு திரும்பியபோது இன்னும் எடுப்பாக இருந்தது. வாய் நிறைய வெற்றிலையை அடைத்துப் பார்த்தோம். எழுந்து போய் ஜன்னல் வழியே துப்பிவிட்டு வந்து "நல்லா இருங்க" என்றார். எதிரியைத் திட்டிக்கொண்டே ஆரம்பிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் திட்டினார்; 'மனசு' என்ற சொல் காதில் விழுந்ததும் பாதித் திட்டில் கழுத்து திரும்பியது. ஒரு மணி நேரத்தில் அங்கம்மாள் அத்தையை ஒன்பது தடவை விட்டுக்கொடுத்துவிட்டார்.

எனக்கு அலுத்துவிட்டது. அவர் கையில் காலி காபி டம்ளர் இருந்தது. "சரி, அந்த டம்ளரைக் குடுங்க, வெச்சுட்டுக் கெளம்பறேன். பெரிய மனசு பண்ணுங்க" என்று கேலியாகக் கேட்டேன். முகம் வழக்கம்போலத் திரும்பியது. "எடுத்துக்க சாமி" என்றது வாய். டம்ளரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். உடும்பு பிடித்த மாதிரி இருந்தது.

"ஐயா, எடுத்துக்கன்னீங்க."

"ஆமா."

"கை உடலீங்களே?"

குனிந்து தன் கையை அவரே வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "குளோசப்புங்க அதெல்லாம். கழுத்துக்கு மேலதான் படம். கை பிரேமுக்குள்ளயே வராது. டைரக்டரு, சிரி, கண்ணை உருட்டாத, அந்தப் பக்கம் பாருன்னு சொல்லுவாரு. கையை என்ன பண்றதுன்னு யாருமே சொன்னதில்ல. அது பாட்டுக்குத் தூணையோ சேரையோ புடிச்சுக்கும். அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுலயும் அப்படித்தான். படிக்கட்டுக் கம்பியப் புடிச்சுக்கிச்சு. யோவ், கம்பிய உடுய்யான்னு கண்டக்டரு அஞ்சு நிமிசம் திட்டுனாரு. கடைசியில ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு எடுத்தாருங்க."

"இதை அத்தைகிட்டச் சொன்னீங்களா?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

தரகன் வீட்டுப் பிள்ளை நான். முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பேச வைக்க ஒரு வழி எங்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. என் தோளில்தான் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆனந்தகுமார் வீட்டுக்கு நந்தகுமார் வந்தான். நாமக்கல் போகும் வழியில் பெரிய கோழிப் பண்ணை, ஐம்பது வயதுக்கு மேல், நல்ல பையன். அதுதான் கஷ்டம், கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். கையில் இரண்டு அட்டை முட்டையோடு வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஆனந்தகுமாரைக் கும்பிட்டான். அங்கம்மாள் அத்தை உள் அறைக் கதவில் சாய்ந்து நின்றார். கதவுக்குப் பக்கத்தில் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டி.

"ஐயா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டுங்க. எம் பொண்ணு பிரீத்திகூட உங்க படத்தை ஸ்டிக்கர் பண்ணி வெச்சிருக்குது. பிள்ளைக எதையாவது உட்டுக்குடுத்தா அதைத்தான் வாட்ஸப்புல போடுதுக. ஆனா ஊரு பேசுது பாருங்க..."

ஆனந்தகுமாரின் கழுத்து லேசாக அசைவதைப் பார்த்தேன். உடனே நடுவில் புகுந்தேன்.

"நந்தகுமாரு, உங்க அப்பா லாரியோட புதன்சந்தைக்கு வந்து மாடு புடிச்சவரு. எங்க தாத்தாகிட்ட எத்தனை ஜோடி வாங்கியிருக்காரு! இந்தப் பேச்சைத் துண்டு போட்டுப் பேசிக்கலாம்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சந்தையில் வாங்குபவனும் விற்பவனும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் கேள்வி, அதுதான் பதில். மேலே வாய் ஆயிரம் பேசலாம். மாட்டை வையலாம், மழையைப் பேசலாம், 'வேண்டாம், கொண்டுபோ' என்றுகூடச் சொல்லலாம். அது எதுவும் செல்லாது. கை பேசியது மட்டும்தான் செல்லும். அதை மீறினவனை அப்புறம் சந்தையில் எவனும் சேர்க்க மாட்டான்.

நந்தகுமாருக்கு முகம் சிவந்தது. "ஏனுங்கண்ணா, எங்கம்மா என்ன மாடா?"

"மாட்டுக்காவது பல்லைப் புடிச்சுப் பாப்பாங்க" என்றார் அத்தை கதவோரத்திலிருந்து. "என்னைய ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. போடு செங்கோடா துண்டை."

அம்மா சொன்ன பிறகு அவன் என்ன செய்வான்? இரண்டு பேரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கை கோத்தார்கள். என் துண்டை மேலே போர்த்தினேன். வாரத்தில் எத்தனை நாள் அம்மா ராசிபுரத்தில் இருப்பது என்பதுதான் பேச்சு.

துண்டு அசைந்தது. நந்தகுமாரின் முழங்கையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்: ஒன்று. வாரத்துக்கு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்கிறான். அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய இறக்கம். ஆனந்தகுமார் பதிலுக்கு அழுத்தினார். நந்தகுமார் புருவத்தைத் தூக்கினான். மறுபடி துண்டு அசைந்தது. இரண்டுக்கு வந்தான்.

அதற்கு மேல் அவனுக்குப் பொறுமை இல்லை. ஊருக்கே தெரிந்த வழிக்கு வந்தான்.

"ஐயா, இத்தனை எதுக்குங்க? எத்தனை பேருக்கு எத்தனை உட்டுக்குடுத்திருக்கீங்க. உங்களுக்குப் பெரிய மனசுங்க."

முடிந்தது. தலை திரும்பியது. பாதிச் சிரிப்பும் பாதித் துடிப்புமாகக் கண் ஜன்னலுக்கு வெளியே போதமலையைத் தேடிப் போயிற்று. நேரில் பார்த்தால் இன்னும் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"கூட்டிட்டுப் போ சாமி" என்றார் ஆனந்தகுமார். "நல்லா இருங்க."

அத்தை சாய்ந்திருந்த கதவை விட்டு நகர்ந்தார். குனிந்து பெட்டியை எடுத்தார். வாசலைப் பார்த்து நடந்தார். வாழ்நாளில் என் முகத்தில் ஏதாவது தெரிந்திருந்தால் அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

"அப்பச் சரிங்கய்யா" என்று நந்தகுமார் எழுந்தான். முழுதாக எழ முடியவில்லை. பாதியில் குனிந்தபடி நின்றான். "ஐயா, கை."

ஆனந்தகுமார் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கையை உடுங்க." இழுத்துப் பார்த்தான். தீவன மூட்டை தூக்குகிற பண்ணைக்காரன், அவனாலும் முடியவில்லை. என்னைப் பார்த்தான். "அண்ணா, இவரு அஞ்சு வெரலையும் சேத்துப் புடிக்கறாரு. அப்பறம் ரெண்டு. மறுபடி அஞ்சு, ரெண்டு. உடவே மாட்டேங்கறாரு."

"அஞ்சும் ரெண்டும் எத்தனை சாமி?"

"ஏழுங்க. ஆனா கூட்டிட்டுப் போன்னு இப்பத்தானே சொன்னாரு?"

"அது துண்டுக்கு மேல சொன்னது. உங்கப்பா இருந்தா எதை எடுத்துக்குவாரு?"

வாசற்படியில் அத்தை நின்றிருந்தார். பெட்டி இன்னும் கையில்தான் இருந்தது. துண்டைப் பார்த்தார், மகன் குனிந்து நிற்கிற கோலத்தைப் பார்த்தார். நான் சந்தர்ப்பத்தை விடவில்லை.

"அத்தை, அன்னைக்கு பஸ் கெளம்ப அஞ்சு நிமிசம் ஆச்சுன்னீங்களே, கண்டக்டரு திட்டுனது யாரைன்னு தெரியுமுங்களா? கம்பியப் புடிச்சுக்கிட்டு உடாத ஒரு ஆளை. வெரல் வெரலாப் பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம்."

பெட்டி கீழே இறங்கியது. அத்தை வந்து மகன் தோளில் கை வைத்தார்.

"நீ எடு சாமி. நான் பேசிக்கறேன்."

துண்டுக்குள் ஒரு கை நுழைந்தது, ஒரு கை எப்படியோ தப்பி வெளியே வந்தது. நந்தகுமார் விரல்களை உதறிக்கொண்டான். ஆனந்தகுமாருக்கு எதுவும் தெரியாது. அவர் இன்னும் இடது கன்னத்தைக் காட்டியபடி, மலையைப் பார்த்தபடி, துண்டுக்கு அடியில் அஞ்சு, ரெண்டு, அஞ்சு, ரெண்டு என்று அழுத்திக்கொண்டிருந்தார். வளையல் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் புருவம் சுருங்கியது. பண்ணைக்காரன் வளையல் போட மாட்டானே.

"போதும், ஷாட் முடிஞ்சுது" என்றார் அத்தை. "இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார். முதல் தடவையாக அவருடைய வலது கன்னத்தை நேராகப் பார்த்தேன். ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. அந்தப் பக்கத்துக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, துடிக்கவும் தெரியவில்லை. பயந்துபோன ஒரு வயசாளியின் கன்னம்.

"போவாத அங்கம்மா" என்றார். குரல்கூட வேறு மாதிரி, நாமகிரிப்பேட்டைக் காட்டுக்காரக் குரலாக இருந்தது.

"இதைச் சொல்றதுக்கு அம்பத்தெட்டு வருசமா?" என்றார் அத்தை. "ஏழுதான். முடிஞ்சுது."

நந்தகுமாரும் சந்தைக்காரன் மகன்தானே. பேசி முடிந்ததைப் புரட்ட அவனுக்கு வாய் வரவில்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஞாயித்துக்கெழமையாவது பண்ணைக்குச் சாப்பிட வரலாமல்ல?" என்றான்.

"ரெண்டு பேரும்னா வாரோம்" என்றார் அத்தை.

"ரெண்டு பேருந்தான்" என்று சொல்லி, முட்டை அட்டைகளை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தான். அம்மாவின் பெட்டியையும் அவனே தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

திருச்செங்கோட்டில் மாலை மாற்றிக்கொண்டு இப்போது மூன்று மாதம் ஆகிறது. மதில் சுவரைத் தள்ளிக் கட்டியவன் தென்னங்கீற்று விழுகிறது, மரத்தை வெட்டுங்கள், பெரிய மனசு பண்ணுங்கள் என்று வந்தானாம். வெட்டிக்கொள் என்று முகம் சொல்லியிருக்கிறது. அரிவாளைக் கை கொடுக்கவில்லை.

என் துண்டு மட்டும் அங்கேயே இருக்கிறது. போன வாரம் போய்க் கேட்டேன். சென்னிமலைத் துண்டு, நல்ல துண்டு. அவர் மடியில்தான் கிடந்தது. உங்களுக்குப் பெரிய மனசுங்க என்று சொல்லியே கேட்டேன். இடது கன்னம் அழகாகத் திரும்பியது. "எடுத்துக்க சாமி, நல்லா இருங்க" என்றார்.

இழுத்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வேறு துண்டுதான் வாங்க வேண்டும்.